ரோட்டில் ஓடும் ரயில்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டார்ஜிலிங் போகும் வழியில், கர்சியாங் கடைத்தெருவில் நான் எடுத்த படம் ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இடப்பக்கம் செருப்புக்கடை, வலப்பக்கம் ஜீப் வரிசை, நடுவில் ரயில். வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

ரோட்டில் ரயில் என்றால் லெவல் கிராசிங்கைத்தானே சொல்கிறீர்கள்?

இல்லை. லெவல் கிராசிங்கில் ரயில் ரோட்டைக் குறுக்கே கடக்கிறது. கேட்டை மூடுவார்கள், வண்டி போகும், கேட்டைத் திறப்பார்கள், அவ்வளவுதான். நான் சொல்வது ரோட்டின் நீளவாக்கிலேயே தண்டவாளம் பதித்து, பஸ்ஸும் காரும் சைக்கிளும் போகிற அதே தளத்தில் ரயிலும் போவது. நடுவே வேலி கிடையாது, ஜல்லி மேடு கிடையாது. சில ஊர்களில் இரண்டு தெரு தூரம், சில ஊர்களில் ஊர் முழுக்க.

அது டிராம் ஆயிற்றே?

பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் டிராம் ரோட்டுக்காகவே செய்த வண்டி. எடை குறைவு, நீளம் குறைவு, பிரேக் பலமானது. பல டிராம்களில் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக்கோடு, தண்டவாளத்தையே நேராகக் கவ்விக்கொள்ளும் காந்த பிரேக்கும் உண்டு. ஓட்டுபவர் கார் ஓட்டுபவரைப் போலவே கண்ணால் பார்த்து நிறுத்தி ஓட்டுவார். சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடியது இந்த வகை.

ரயில் அப்படியல்ல. ஊருக்கு வெளியே தனிப் பாதையில் வேகமாக வந்த அதே வண்டி, அதே எடையோடும் நீளத்தோடும் ஊருக்குள் வந்ததும் தெருவில் இறங்கிவிடுகிறது. நம்ம ஊர் கூட்ஸ் வண்டி ஒன்று கடைவீதிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவதை நினைத்துப் பாருங்கள். அதுதான்.

இரண்டுக்கும் நடுவே கோடு எல்லா இடத்திலும் தெளிவாக இருக்காது என்பதும் உண்மை. டார்ஜிலிங் ரயிலைத் தொடங்கிய கம்பெனிக்கு முதலில் வைத்த பெயரே டார்ஜிலிங் ஸ்டீம் டிராம்வே.

இத்தனை இடம் இருக்க, ஏன் ரோட்டிலேயே கொண்டுபோய்ப் போட்டார்கள்?

போட்ட காலத்தில் அது ரோட்டுக்கு இடைஞ்சலாகத் தெரியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெருவில் இருந்தவை குதிரை வண்டியும் மாட்டு வண்டியும். ரயில் தங்கள் கிடங்கு வாசலுக்கே வர வேண்டும் என்று வியாபாரிகள் கேட்டார்கள். துறைமுகம், மாவு மில், இறைச்சிக் கிடங்கு எல்லாம் ஊருக்கு நடுவிலேயே இருந்தன. தனியாக நிலம் வாங்கி வீடுகளை இடித்துப் பாதை போடுவதற்கு ஆகும் செலவைவிட, நகராட்சியிடம் அனுமதி வாங்கித் தெருவில் தண்டவாளம் பதிப்பது மிக மலிவு.

அமெரிக்காவில் இன்னொரு காரணமும் உண்டு. 1900ஐ ஒட்டி, ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஓடும் மின்சார ரயில்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. அவை வெளியே தனிப் பாதையிலும் ஊருக்குள் தெருவிலும் ஓடின. கார் வந்ததும் அவற்றில் பெரும்பாலானவை காணாமல் போயின. மிச்சமிருந்த ஒன்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மலைப்பகுதியில் காரணம் வேறு. அங்கே ஏற்கெனவே ஒருவர் கஷ்டப்பட்டு வெட்டிய ரோடு இருக்கும். அதன் ஓரத்திலேயே தண்டவாளம் போட்டால் மலையை இரண்டாம் முறை வெட்ட வேண்டாம்.

நியூயார்க்கில் ரயிலுக்கு முன்னால் குதிரையில் ஆள் போனாராமே, உண்மையா?

உண்மை. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டிய கதை இது.

மன்ஹாட்டனின் மேற்குக் கரையோரம், பத்தாவது, பதினோராவது அவென்யூக்களில் தெரு மட்டத்திலேயே ரயில் பாதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் போட்டது. நகரத்துக்கு வேண்டிய இறைச்சி, பால், காய்கறி எல்லாம் கூட்ஸ் பெட்டிகளில் அந்த வழியாகத்தான் வந்தன. சுற்றிலும் தொழிலாளர் குடியிருப்புகள். பிள்ளைகளுக்கு விளையாட வேறு இடம் இல்லை, தெருதான். ஆட்கள் அடிபட்டுச் சாவது தொடர்கதையானது. அந்த அவென்யூக்களுக்கு மக்கள் வைத்த பெயர் சாவு அவென்யூ. 1850களிலிருந்து 1910 வரை 500க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருப்பார்கள் என்று அந்தக் காலத்திலேயே ஒரு மதிப்பீடு வந்தது.

ரயில் வருமுன் ஒருவர் குதிரையில் முன்னே போய் எச்சரிக்க வேண்டும் என்று நகராட்சி 1850களிலேயே விதி போட்டது. பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு. குதிரை நடக்கும், பின்னால் இன்ஜின் மெதுவாக உருளும். இவர்களை மேற்குக் கரைக் கவ்பாய்கள் என்று கூப்பிட்டார்கள். வானளாவிய கட்டடங்களும் டாக்ஸிகளும் வந்த பிறகும் இந்தக் குதிரைக்காரர்கள் இருந்தார்கள். கடைசிக் குதிரை ஓடியது 1941இல்.

1929இல் நகரமும் மாநிலமும் ரயில் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டுப் பாதையைத் தெருவிலிருந்து தூக்க முடிவெடுத்தன. 1934இல் உயரப் பாதை திறந்தது. அது தெருவுக்கு மேலே ஓடாமல், கட்டடங்களை ஒட்டியும் சில இடங்களில் கட்டடத்துக்கு உள்ளேயே புகுந்தும் ஓடியது. பால் பெட்டி நேராகத் தொழிற்சாலையின் மாடிக்கே வந்து நின்றது. லாரிகள் வந்ததும் அதற்கும் வேலை குறைந்து, 1980இல் கடைசி ரயில் ஓடியது. இன்று அதே உயரப் பாதைதான் ஹை லைன் பூங்கா. 2009இல் திறந்தார்கள். அங்கே போய்ப் பூக்களைப் படம் எடுக்கும் பலருக்கும் அந்தப் பாதை ஏன் மேலே ஏறியது என்பது தெரிவதில்லை. பிள்ளைகளை இழந்தவர்கள் பல வருஷம் போராடியதால் ஏறியது. 1908இல் ஒரு சிறுவன் இறந்தபோது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளே ஊர்வலம் போயிருக்கிறார்கள்.

ஆள் குறுக்கே வந்தால் ரயிலால் சட்டென்று நிற்க முடியாதா?

முடியாது. ஓட்டுபவர் மனது வைத்தாலும் முடியாது.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருள்கிறது. பிடிப்பு மிகக் குறைவு. அந்தக் குறைவான உரசல்தான் ரயிலின் பலமே; அதனால்தான் ஒரு இன்ஜின் பல ஆயிரம் டன்னை இழுக்கிறது. நிறுத்தும்போது அதே பலம் பலவீனமாகிவிடுகிறது. காய்ந்த தார் ரோட்டில் ரப்பர் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பில் மூன்றில் ஒரு பங்குகூட மழையில் நனைந்த தண்டவாளத்தில் கிடைக்காது. அதன் மேல் இலையோ எண்ணெயோ விழுந்திருந்தால் இன்னும் மோசம்.

கூட்ஸ் வண்டியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அதன் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது. இன்ஜினில் பிரேக் போட்டால், குழாயில் காற்று இறங்கி அந்தச் செய்தி கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். வெளிப்பாதையில் வேகமாக வரும் நீளமான கூட்ஸ் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகும் என்பதற்கு இவைதான் காரணம்.

காருக்கு ஸ்டியரிங் இருக்கிறது, விலகிப் போகலாம். ரயிலுக்கு விலக வழியே இல்லை. ஆகவே ஓட்டுபவர் கையில் இருப்பவை இரண்டே: மணியோ ஹாரனோ அடிப்பது, வேகத்தை முன்கூட்டியே குறைத்துவைப்பது. ரோட்டில் ஓடும் ரயில் எங்கெல்லாம் தாக்குப்பிடித்திருக்கிறதோ, அங்கெல்லாம் அது ஊருக்குள் மெதுவாகப் போகிறது. எனக்குத் தெரிந்தவரை விதிவிலக்கே இல்லை.

ரோட்டில் தண்டவாளத்தை எப்படிப் பதிக்கிறார்கள்?

தண்டவாளத்தின் தலை ரோட்டு மட்டத்துக்குச் சமமாக இருக்கும்படி புதைக்கிறார்கள். ரயில் சக்கரத்தின் உள்பக்கம் ஒரு விளிம்பு கீழே இறங்கியிருக்கும். சக்கரம் தடம் விலகாமல் பிடிப்பது அதுதான். அது போவதற்குத் தண்டவாளத்தின் உள்பக்கம் சுமார் 5 செ.மீ. பள்ளம் விட வேண்டும். டிராமுக்கு என்றால் பள்ளத்தோடு சேர்த்தே செய்த தண்டவாளம் கிடைக்கும். ரயில் சக்கரத்தின் விளிம்பு டிராமினுடையதைவிடப் பெரியது என்பதால் அந்தப் பள்ளம் எப்போதும் போதாது. அங்கே சாதாரணத் தண்டவாளத்தின் பக்கத்திலேயே காப்புத் தண்டவாளம் ஒன்று போட்டு இடைவெளி விடுவார்கள், நம்ம ஊர் லெவல் கிராசிங்கில் பார்க்கிறோமே, அதே மாதிரி.

தொல்லையெல்லாம் இந்தப் பள்ளத்தில்தான். கல், மண், குளிர் நாட்டில் பனிக்கட்டி எல்லாம் அதில் அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யாவிட்டால் சக்கரம் ஏறித் தடம் புரளும். அப்புறம் ஸ்லீப்பர் கட்டை ஒன்று உளுத்துப்போனால் வெளிப்பாதையில் அரை நாள் வேலை. தெருவில் என்றால் ரோட்டைத் தோண்டி, போக்குவரத்தைத் திருப்பிவிட்டு, மாற்றி, மறுபடி தார் போட வேண்டும். இதற்கு ரயில்வே காசு கொடுப்பதா நகராட்சி கொடுப்பதா என்ற வழக்கு உலகமெங்கும் ஒரே மாதிரி நடக்கிறது.

பைக்கில், சைக்கிளில் போகிறவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

சைக்கிள் டயர் அந்தப் பள்ளத்தைவிட ஒல்லி. தண்டவாளத்துக்கு இணையாகப் போய்ச் சாய்வாகக் கடக்கப் பார்த்தால் முன்சக்கரம் உள்ளே இறங்கி ஆளைத் தூக்கிப் போடும். கூடுமானவரை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். பைக் டயர் பள்ளத்தில் விழாது, ஆனால் ஈர இரும்பில் வழுக்கும். தண்டவாளத்தின் மேல் இருக்கும்போது பிரேக் பிடிக்கக் கூடாது, ஹேண்டிலைத் திருப்பக் கூடாது. கடந்த பிறகு இரண்டையும் செய்யுங்கள்.

இந்தியாவில் இப்படி எங்கே பார்க்கலாம்?

டார்ஜிலிங்கில். சந்தேகமே இல்லாமல் அதுதான் முதல் இடம்.

சிலிகுரியிலிருந்து டார்ஜிலிங்குக்கு ஹில் கார்ட் ரோடு என்ற மலைச்சாலை 1860களிலேயே இருந்தது. அரிசியும் பருப்பும் மாட்டு வண்டியில்தான் மேலே போயின. சமவெளியில் விற்ற விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே டார்ஜிலிங்கில் அரிசி விற்றது. ஈஸ்டர்ன் பெங்கால் ரயில்வேயில் இருந்த ஃபிராங்கிளின் பிரஸ்டேஜ், அந்த ரோட்டோரமாகவே சின்ன ரயில் விட்டால் என்ன என்று கேட்டார். தண்டவாளத்துக்கு நடுவே இரண்டே அடி அகலம். 1879இல் வேலை தொடங்கி, 1881 ஜூலையில் ரயில் டார்ஜிலிங்கைத் தொட்டுவிட்டது. இரண்டு வருஷத்தில் ஒரு மலை ரயில்! ரோடு முன்னமே இருந்ததால்தான் இது முடிந்தது.

ரோடு தாங்கிய ஏற்றத்தை ரயில் தாங்காத இடங்களில் மட்டும் பாதை பிரிந்து சுற்று வளையமாகவும், முன்னே போய்ப் பின்னே ஏறும் இசட் வடிவப் படிகளாகவும் ஏறுகிறது. மற்றபடி ரோட்டின் ஓரத்திலேயே. ஒரு வளைவில் இடப்பக்கம் இருக்கும் தண்டவாளம் அடுத்த வளைவில் வலப்பக்கம் போய்விடும். நியூ ஜல்பாய்குரியிலிருந்து 88 கி.மீ. பாதையில் இப்படி ரோட்டைக் கடக்கும் இடங்கள் நூற்றுக்கும் மேல். பெரும்பாலானவற்றில் கேட்டும் இல்லை, கேட் கீப்பரும் இல்லை. நாட்டின் அகலப்பாதைகளில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் அத்தனையையும் 2019 ஜனவரிக்குள் ஒழித்த அதே இந்திய ரயில்வேதான் இதையும் நடத்துகிறது. வேகம் குறைவு என்ற ஒன்றை நம்பித்தான் இது நடக்கிறது.

கடைகளை உரசிக்கொண்டு போகும் என்கிறார்களே?

உரசாது. ஆனால் கையை நீட்டினால் கடையில் தொங்கும் ஸ்வெட்டரைத் தொடலாம்.

நான் கர்சியாங்கில் ஒரு காலை நேரம் முழுக்க நின்று பார்த்தேன். ஸ்டேஷன் முட்டுப்பாதை மாதிரி இருப்பதால் வண்டி பின்னோக்கி நகர்ந்து நாற்சந்திக்கு வர வேண்டும். போலீஸ்காரர் ஒருவர் விசிலை ஊதி ஜீப்புகளை நிறுத்தினார். டீசல் இன்ஜின் நீளமாக ஹாரன் அடித்தது. அடித்ததும் தெருவில் யாரும் ஓடவில்லை. காய்கறிக்காரம்மா தரையில் விரித்திருந்த சாக்கின் ஒரு முனையை மட்டும் மடித்தார், இரண்டு முள்ளங்கிக் கட்டுகளை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். வண்டி போனது. சாக்கை விரித்தார், முள்ளங்கியை அதே இடத்தில் வைத்தார். எத்தனை சென்டிமீட்டர் மடிக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் கைக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. ஒரு ஸ்கூட்டரின் பின்சக்கரம் தண்டவாளப் பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. வெளியூர்க்காரருடையதாக இருக்க வேண்டும். ரயில் அதற்கு நாலடி முன்னால் நின்றுவிட்டது. ரயில் ஊழியர் ஒருவர் இறங்கி, பக்கத்துக் கடைப் பையன் ஒரு கை கொடுக்க, ஸ்கூட்டரைத் தூக்கித் தள்ளி வைத்தார்கள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் பின்னால் சேர்ந்த ஜீப் வரிசையின் கடைசி வண்டி என் கண்ணுக்குத் தெரியவில்லை.

டார்ஜிலிங் ரயிலின் இன்றைய கஷ்டம் முழுக்க அந்த வரிசையில் இருக்கிறது. ரயில் மாறவில்லை, ரோடும் பெரிதாக அகலவில்லை. ரோட்டில் வண்டிகள் பல மடங்கு ஆகிவிட்டன.

நீராவி இன்ஜினின் முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருப்பது எதற்கு?

மணல் தூவ. டார்ஜிலிங் பாதையில் பல்சக்கரம் கிடையாது, சக்கரத்தின் பிடிப்பை மட்டும் நம்பி ஏறுகிறது. பனி மூட்டத்திலும் மழையிலும் தண்டவாளம் எப்போதும் ஈரம். சக்கரம் சுழன்றுகொண்டு இடத்திலேயே நிற்கும்போது, முன்னால் இருக்கும் இருவரும் கையால் மணலைத் தண்டவாளத்தின் மேல் விடுவார்கள். கரி உடைத்துக் கொடுக்க ஓர் ஆள், நெருப்புப் போட ஓர் ஆள், ஓட்ட ஓர் ஆள். பி கிளாஸ் என்ற அந்தச் சின்ன இன்ஜின்களின் வடிவம் 1889ஐச் சேர்ந்தது. 1999இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நம்ம ஊட்டி ரயிலும் ரோட்டில் போகுமா?

போகாது. இரண்டும் யுனெஸ்கோ பட்டியலில் ஒரே தொகுப்பாக இருப்பதால் (நீலகிரி 2005இல் சேர்ந்தது) பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நீலகிரி ரயிலுக்கு மலையில் தனிப் பாதை வெட்டினார்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல் பதித்த தண்டவாளம் இருக்கிறது. பல் பதித்த பாதையை ரோட்டு மட்டத்தில் புதைத்து அதன் மேல் பஸ் ஓட்ட நினைப்பதே கஷ்டம்.

இலங்கையில்?

மட்டக்களப்புப் பாதையில் மன்னம்பிட்டிப் பாலமும் ஓட்டமாவடிப் பாலமும் வெகுகாலம் ரயிலுக்கும் வாகனங்களுக்கும் பொதுவாக இருந்தன. பாலத்தின் ஒற்றைத் தளத்தில் தண்டவாளம், அதன் மேலேயே பஸ்ஸும் லாரியும். ரயில் வரும்போது இரண்டு பக்கமும் நிறுத்திவிடுவார்கள். மன்னம்பிட்டியில் 2007இல் வாகனங்களுக்குத் தனிப் பாலம் வந்தது, ஓட்டமாவடியிலும் பின்னால் வந்தது. கிழக்கு மாகாணத்து வயதானவர்களைக் கேட்டால், பாலத்து வாயிலில் பஸ்ஸுக்குள் வியர்வையோடு காத்திருந்த கதை ஆளுக்கொன்று சொல்வார்கள்.

கூட்ஸ் வண்டி இன்னும் எங்காவது தெருவில் போகிறதா?

போகிறது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லா கிரேஞ்ச் என்ற சின்ன ஊரின் முக்கியத் தெரு நடுவே முழுநீளக் கூட்ஸ் வண்டிகள் ஓடுகின்றன. இரண்டு பக்கமும் கடை, உணவகம், நிறுத்திய கார்கள். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஜாக் லண்டன் சதுக்கத்தை ஒட்டிய தெருவில் கூட்ஸும் போகிறது, ஆம்ட்ராக்கின் நெடுந்தூரப் பயணி ரயில்களும் போகின்றன. சாப்பிட்டு வெளியே வருகிறவர் தலையை உயர்த்தினால் இரண்டடுக்கு ரயில் பெட்டி.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் 2001 முதல் 2020 வரை சரக்கு டிராம் ஒன்று ஓடியது. நகரின் ஒரு மூலையில் இருந்த கிடங்கிலிருந்து, நகர நடுவில் இருந்த ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலைக்குக் கார் உதிரிப் பாகங்களைச் சாதாரண டிராம் பாதையிலேயே கொண்டுபோனது. நீளம் 60 மீட்டர். அத்தனை சுமைக்கும் லாரிகள் நகரத்துக்குள் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால், தெருவில் சரக்கு ரயில் என்பது பழைய காலத்து மிச்சம் என்று தள்ளிவிடத் தோன்றவில்லை.

சமீபத்தில் எங்கோ எடுத்துவிட்டார்கள் என்று படித்தேனே?

இந்தியானா மாநிலம், மிச்சிகன் சிட்டி. மேலே சொன்ன ஊர்விட்டு ஊர் போகும் மின்சார ரயில்களில் மிச்சமிருந்தது இதுதான். சவுத் ஷோர் லைன் என்று பெயர், சிகாகோவிலிருந்து சவுத் பெண்ட் வரை போகிறது. 1908இல் ஓடத் தொடங்கியது. வழியில் மற்ற ஊர்களில் தெருவைவிட்டு ஒவ்வொன்றாக வெளியேறியது: ஈஸ்ட் சிகாகோ என்ற ஊரில் 1956, சவுத் பெண்டில் 1970. மிச்சிகன் சிட்டியில் மட்டும் பத்தாவது, பதினோராவது தெருக்களின் நடுவே ஒற்றைத் தண்டவாளம் நீடித்தது. பயணி ரயிலும் அதில்தான், கூட்ஸும் அதில்தான். வீட்டு வாசற்படியில் நின்று கையசைத்தால் ஜன்னலோரப் பயணி பதிலுக்குக் கையசைக்கும் தூரம். பதினோராவது தெரு ஸ்டேஷனில் உயரமான பிளாட்பாரம் கிடையாது, ரோட்டிலிருந்து படியேறித்தான் பெட்டிக்குள் போக வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர் அங்கே ஏற வழியில்லை.

ஒற்றைப் பாதை, தெரு வேகம், எதிரே வண்டி வந்தால் காத்திருப்பு. சிகாகோவுக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்களின் நேரம் அங்கே கரைந்தது. 2022 பிப்ரவரியோடு தெரு ஓட்டத்தை நிறுத்தினார்கள். ஓரத்து வீடுகள், கடைகள் சிலவற்றை வாங்கி இடித்து, இரட்டைப் பாதையை ரோட்டிலிருந்து பிரித்துப் போட்டு 2024 மே மாதம் திறந்தார்கள். கேரி நகரம் வரைக்குமான மொத்தத் திட்டத்துக்குச் சுமார் 65 கோடி டாலர்.

ரயில் பிரியர்கள் பலர் கடைசி வாரம் அங்கே போய்ப் படமெடுத்து வருத்தப்பட்டார்கள். படங்களைப் பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனாலும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். தினமும் ஏறுகிறவருக்குத்தான் ரயில். சக்கர நாற்காலிக்காரரும் ஏறக்கூடிய பிளாட்பாரம் இப்போது அதே தெருவில் இருக்கிறது.

அப்படியானால் ஜப்பானும் சுவிட்சர்லாந்தும் ஏன் இன்னும் வைத்திருக்கின்றன?

அங்கே ரயில் அடிக்கடி வருகிறது, நேரத்துக்கு வருகிறது, எல்லாருக்கும் பழகியிருக்கிறது. என் கணிப்பில் இதுதான் பெரிய காரணம். நாளைக்கு ஒன்று வரும் ரயிலை ஜனங்கள் மறந்துவிடுவார்கள். சில நிமிடத்துக்கு ஒன்று வருவதை மறக்க முடியாது.

ஜப்பானில் காமகுராவுக்கும் ஃபுஜிசாவாவுக்கும் நடுவே எனோடென் என்ற 10 கி.மீ. ரயில். கோஷிகோயே என்ற இடத்தில் நாலு பெட்டி வண்டி மீன்கடைகளுக்கு நடுவே தெருவில் ஓடும். கார்கள் தாமாகவே ஓரம் ஒதுங்கி நிற்கும். ஓட்சு நகரத்து கெய்ஹான் ரயில் இன்னும் ஆச்சரியம்: கியோட்டோவின் சுரங்க மெட்ரோவில் கிளம்பி, மலையேறி, கடைசியில் ஓட்சு தெருவில் இறங்கிக் கார்களோடு சிக்னலில் நிற்கிறது. எல்லாம் ஒரே வண்டி.

சுவிட்சர்லாந்தின் கூர் நகரிலிருந்து அரோசா போகும் மலை ரயில், ஸ்டேஷன் வாசலிலேயே தெருவில் இறங்கி ஊரைக் கடந்துதான் மலைக்குப் போகிறது. 1914 முதல் அப்படியே. பெர்னினா ரயில் எல்லை தாண்டி இத்தாலியின் திரானோவில், மாதா கோவில் முன்னால் இருக்கும் ரவுண்டானாவை வெட்டிக்கொண்டு தெருவில் போகும். ஜெர்மனியின் பாட் டோபரானில் மோலி என்ற நீராவி ரயில் 1886 முதல் கடைத்தெருவில் மணியடித்துக்கொண்டு போகிறது.

ஹனோய் ரயில் தெரு, தாய்லாந்து மார்க்கெட் ரயில்?

அவை கொஞ்சம் வேறு. மேக்லாங்கில் ரயிலின் சொந்தப் பாதைமேல் சந்தை வந்து உட்கார்ந்திருக்கிறது. ஹனோயில் பாதையை ஒட்டி வீடுகள் நெருங்கிவிட்டன. இரண்டிலும் வாகனப் போக்குவரத்தோடு பாதையைப் பங்குபோடுவது இல்லை.

ரயிலும் காரும் ஒரே தெருவில் என்றால் யாருக்கு முன்னுரிமை?

ரயிலுக்கு. பெரும்பாலான நாடுகளில். சிக்னல் பச்சையாக இருந்தாலும் பின்னால் மணி கேட்டால் தண்டவாளத்தைவிட்டு விலகிவிடுங்கள். வண்டி நிறுத்தும்போது தண்டவாளத்திலிருந்து குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். பெட்டி தண்டவாளத்தைவிட அகலமானது, வளைவில் இன்னும் வெளியே வரும். தப்பாக நிறுத்தியவரின் கார் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் வேமத் ஊரைச் சொல்லலாம். அங்கே கப்பல் பிடிக்கப் போகும் பயணிகளோடு ரயில் துறைமுகத்துக்குத் தெருவழியே போகும். முன்னால் ஊழியர்கள் நடந்து போவார்கள். வழியில் கார் நின்றால் ஆட்கள் சேர்ந்து நகர்த்தி வைத்துவிட்டு ரயிலை விடுவார்கள். முறையான பயணி ரயில்கள் அங்கே 1987இல் நின்றன, கடைசியாக ஒரு ரயில் ஓடியது 1999இல்.

கர்சியாங்கில் எங்கே நின்றால் நன்றாகப் பார்க்கலாம்?

ஸ்டேஷனுக்கு முன்னால் இருக்கும் நாற்சந்தியில், கடைப்பக்கத்து நடைபாதையில் நில்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் வண்டி ரோட்டைக் கடப்பதும் தெரியும், கடைத்தெருவுக்குள் நுழைவதும் தெரியும். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. அன்றைக்கு வண்டி உண்டா என்று ஸ்டேஷனிலேயே கேளுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் அடிக்கடி ரத்தாகும். செல்ஃபிக்காகத் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். ஹாரன் கேட்டதும் பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று பாருங்கள், நீங்களும் அவ்வளவு தள்ளி நில்லுங்கள்.